காகிதத்தில் தங்கிய காவி

சிகாகோ நகரத்தின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்னும் கலைக்கூடத்தின் சேகரத்தில், ஒரு முழ உயரமும் இல்லாத பழைய தாள் ஒன்றில், சவாய் நாட்டுக் கிழவன் ஒருவன் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறான். தலையில் தொப்பியும், உடம்பில் தொளதொளத்த அங்கியும், பிழைப்புக்காக ஊர் ஊராய்ச் சுமந்து திரியும் பெட்டியுமாக, பனியிலும் காற்றிலும் அடிபட்ட முகத்தோடு நிற்கும் அவனைப் பார்ப்பவர்கள், இவனை வரைந்தவர், பூங்காக்களில் உல்லாசமாகப் பொழுதுபோக்கும் பட்டாடைச் சீமான்களையும் சீமாட்டிகளையும் தீட்டிப் புகழ்பெற்ற ஆந்த்வான் வாத்தோ என்று கேள்விப்பட்டால் சற்றே வியப்படையக்கூடும். படத்தின் காலம் 1715-ஐ ஒட்டியது. அதற்கு வேண்டியிருந்த பொருள்கள் சிவப்புக் கட்டி ஒன்று, கறுப்புக் கட்டி ஒன்று, ஒரு தாள்; அவ்வளவே. எண்ணெய் இல்லை, பிசின் இல்லை, மை இல்லை. பூமியிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு மண்கட்டிகளை ஒரு மனிதர் தாளின்மேல் இழுத்தார். இழுத்த இடத்தில் மண் தங்கிவிட்டது. அது எப்படித் தங்கியது, ஏன் இன்னும் நிறம் மாறவில்லை, இனியும் தங்குமா என்ற வினாக்களை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் அந்தக் கிழவனைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள சவாய், அந்நாளில் தனி அரசாக இருந்தது. பிரான்சோடு அது நிலையாகச் சேர்ந்தது 1860-ல்தான். மலையைப் பனி மூடிவிட்டால் அங்கே குடியானவனுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஆகவே ஆண்களும் சிறுவர்களும் கூட்டங்கூட்டமாகப் பாரிஸுக்கு இறங்கி வந்து, புகைபோக்கிகளைத் துடைத்தும், வழிப்போக்கர்களின் காலணிகளைத் துடைத்தும், படப்பெட்டி காட்டியும், மார்மட் என்னும் அணிலினத்து மலைப்பிராணியை ஆடவைத்தும் வயிறு வளர்த்தார்கள். வாத்தோ இவர்களைப் பலமுறை வரைந்திருக்கிறார். மார்மட்டோடு நிற்கும் சவாய்க்காரன் ஒருவனை எண்ணெய் வர்ணத்திலும் தீட்டியிருக்கிறார். அந்தப் படம் ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

வாத்தோவும் ஏழை வீட்டில் பிறந்தவர்தாம். 1684-ல், பிரெஞ்சு அரசின் கைக்கு வந்து ஆறே ஆண்டுகளான வலான்சியேன் என்னும் எல்லைப்புற ஊரில், கூரை வேய்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இளமையிலேயே பாரிஸுக்கு வந்து, க்ஷயரோகத்தோடு போராடிக்கொண்டே வரைந்து, 1721-ல் முப்பத்தாறாவது வயதில் காலமானார். லக்ஸம்பர்க் அரண்மனையில் ரூபன்ஸ் தீட்டிய பெரும் சித்திர வரிசையைப் பார்த்துப் பயிலும் வாய்ப்பும், பிற்பாடு க்ரோஸா என்னும் தனவந்தரின் மாளிகையில் சேகரித்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான கோட்டுச் சித்திரங்களைப் புரட்டிப் பார்க்கும் பாக்கியமும் அவருக்குக் கிட்டின. அவருடைய நண்பராயிருந்த கேலுஸ் பிரபு 1748-ல் கலைக்கழகத்தில் படித்த நினைவுரையில், வாத்தோ தமது உருவப் படிப்புகளைத் தைத்த புத்தகம் ஒன்றில் வரைந்து கையோடு வைத்திருந்ததாகவும், ஓவியம் தீட்ட வேண்டியபோது அப்புத்தகத்திலிருந்தே ஆட்களைப் பொறுக்கியெடுத்து ஒன்றுசேர்த்ததாகவும் குறிப்பிடுகிறார். தீட்டிய ஓவியங்களைவிட வரைந்த தாள்களையே அவர் உயர்வாக மதித்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த மதிப்பீட்டில் அவர் தவறவில்லை என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில், எண்ணெயை மிகுதியாகக் கலந்து அவசரமாகத் தீட்டிய அவருடைய ஓவியங்கள் பல வெடித்தும் கறுத்தும் போயிருக்க, மண்ணால் வரைந்த தாள்கள் நேற்று முடித்தவை போல இருக்கின்றன.

அந்தச் சிவப்பு மண் வேறொன்றும் அன்று, காவிக்கல். களிமண்ணும், அதில் மிக நுண்ணிய துகள்களாகக் கலந்துள்ள ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடும் சேர்ந்து இறுகிய பாறை. தூய ஹெமடைட் கடினமான கனிமம். கத்தியால் அதை எளிதில் கீற முடியாது. அப்படிப்பட்ட பொருள் மென்மையான தாளின்மேல் வழவழவென்று ஓடுவது எங்ஙனம் என்றால், ஓடுவது ஹெமடைட் அன்று, களிமண்ணே. களிமண்ணின் அணுக்கள் ஏடு ஏடாக அமைந்தவை; ஓர் ஏட்டுக்குள் பிணைப்பு உறுதியாக இருக்கிறது, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையேயோ அது மிகப் பலவீனமானது. விரலின் அழுத்தம் பட்டதும் ஏடுகள் வழுக்கி விலகுகின்றன. விலகும்போது தம்மிடையே சிக்கிய இரும்புத் துகள்களையும் இழுத்துக்கொண்டு போகின்றன. ஆகவே நல்ல கட்டி என்பது இரும்பும் களிமண்ணும் தக்க விகிதத்தில் இயற்கையாகவே கலந்து அமைந்த கட்டி. இரும்பு மிகுந்தால் தாளைக் கீறும். களிமண் மிகுந்தால் நிறம் வெளிறும். நடுவே மணற்பரல் ஒன்று அகப்பட்டுவிட்டாலோ ரேகையின் குறுக்கே வெள்ளைக் கீறல் விழும். பாறையிலிருந்து நல்ல பகுதியை அறுத்துக் குச்சிகளாக்கி, பித்தளைப் பிடியின் ஒரு நுனியில் சிவப்பையும் மறு நுனியில் கறுப்பையும் செருகிக்கொண்டு, கையைத் திருப்பினாலே நிறம் மாறும்படி வரைவது அக்காலத்துச் சித்திரக்காரர் வழக்கம்.

நிறத்துக்கு வருவோம். ஹெமடைட்டில் இரும்பு அணுக்களும் ஆக்ஸிஜன் அணுக்களும் நெருங்கி அமைந்திருக்கும் விதத்தினால், அதன் எலெக்ட்ரான்கள் ஒளியின் ஊதா, நீலம், பச்சைப் பகுதிகளை விழுங்கிவிட்டு, சிவப்புப் பகுதியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சதையின் நிறத்தைக் காட்ட இந்தக் காவி மிகவும் பொருந்துவதைக் கண்ட சிலர், ரத்தத்திலும் இரும்பு, காவியிலும் இரும்பு, ஆகையால் இரண்டும் ஒன்றே என்று கவித்துவமாக எழுதிவிடுவது உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, விஷயம் அதுவன்று. ரத்தத்தின் சிவப்பு பெரும்பாலும் இரும்பைச் சுற்றி அமைந்த கரிம வளையத்தின் எலெக்ட்ரான்களால் விளைவது. காவியின் சிவப்பு ஒரு கனிமப் படிகத்தின் கட்டமைப்பால் விளைவது. உடம்பை விட்டு வெளியேறிய ரத்தக் கறை சில நாளிலேயே பழுப்பேறிக் கறுத்துப் போவதும், காவி பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட குகைச் சுவர்களில் கூடச் சிவந்தே இருப்பதும் இந்த வேறுபாட்டுக்குப் போதிய சாட்சியம். காவியில் உள்ள இரும்பு ஏற்கெனவே முழுதும் துருப்பிடித்துவிட்ட இரும்பு. காற்றோடு கூடி அது மேலும் மாறுவதற்கு ஒன்றுமில்லை.

கறுப்புக் கட்டியும் இதே குலத்தைச் சேர்ந்தது. களிமண் சேற்றோடு மக்கிய உயிர்ப்பொருளும் படிந்து, யுகக்கணக்கில் அழுந்தி, கரி கலந்த ஏட்டுப்பாறையாக மாறியதை அறுத்தெடுத்த குச்சி அது. இத்தாலியப் பட்டறைகளில் அது வெகுகாலமாகப் புழங்கிவந்தது. நம் காலத்துச் சித்திரக்காரர்களுக்கு அது பெரும்பாலும் எட்டாத பொருள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இங்கிலாந்தோடு யுத்தம் மூண்டு கிராபைட் வரத்து நின்றபோது, கிராபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டுக் குச்சியாக்கும் முறையை நிக்கோலா ஜாக் கோந்தே கண்டுபிடித்து 1795-ல் உரிமை பெற்றார். அதன் பிறகு செய்குச்சிகள் பெருகி, பாறைக் குச்சி வழக்கொழிந்தது. இயல்பில் இந்தப் பாறைக் குச்சியின் கரியும் காவியைப் போலவே ஸ்திரமானது, வெயிலுக்கும் அஞ்சாது.

மூன்றாவது கட்டி, வெள்ளை. சவாய்க் கிழவன் படத்தில் அது இல்லை. வெளிச்சம் படும் இடங்களைத் தாளே காட்டிவிடுகிறது. ஆனால் சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றையும் ஒரே தாளில் ஆளுவதில் வாத்தோவுக்கு இணையானவர் அரியர் என்பதால் அதையும் விட்டுவிடக் கூடாது. வெள்ளைக்குப் பயன்பட்டவற்றில் முக்கியமானது சீமைச்சுண்ணாம்பு. பாரிஸைச் சூழ்ந்த பெரும் பிரதேசத்தின் அடியில் கிடக்கும் அந்தச் சுண்ணாம்புப் படுகை, டைனோசார்கள் வாழ்ந்த காலத்துக் கடலில் மிதந்த நுண்ணிய பாசியுயிர்களின் ஓட்டுச் செதில்கள் கோடானுகோடியாகப் படிந்து உண்டானது. ஒரு சீமாட்டியின் கன்னத்தில் தெரியும் பளபளப்பை நுண்ணோக்கியில் வைத்தால், அச்செதில்கள் சில உடையாமலே அகப்படக்கூடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுண்ணாம்புத் துகள் தனியாகப் பார்த்தால் கண்ணாடியைப் போல நிறமற்றது. துகள்களுக்கு இடையே காற்று நிறைந்திருப்பதாலேயே ஒளி ஒவ்வொரு விளிம்பிலும் சிதறி வெண்மையாகத் தோன்றுகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. சுண்ணாம்பினுடையது சுமார் 1.6. துகள் உதிராமல் இருக்கட்டும் என்று பிசின் நீரையோ வார்னிஷையோ தெளித்துவிட்டால், காற்று இருந்த இடத்தில் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 கொண்ட பிசின் குடிபுகுந்து, ஒளி சிதறுவது குறைந்து, அந்த வெள்ளை மங்கிப்போகிறது. பாதுகாக்கப் போய்ப் படத்தின் வெளிச்சத்தையே அணைத்துவிட்ட சேகரிப்பாளர்கள் பலர்.

ஆக, ஒட்டும் பொருள் எதுவும் இல்லாமலே இருப்பதுதான் இச்சித்திரத்தின் இயல்பு. அப்படியானால் அதைத் தாங்குவது எது? நெற்றியில் இட்ட விபூதியைத் தாங்குவது எதுவோ, அதுதான்: பரப்பின் மேடு பள்ளமும், நுண்பொருள்களுக்கு இயல்பாக உள்ள கவர்ச்சியும். வாத்தோ காலத்துத் தாள் மரக்கூழால் ஆனதன்று. கிழிந்த லினன் துணிகளை நீரில் ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, கம்பி வரிந்த சல்லடையில் அள்ளி வடித்து, உலர்ந்தபின் விலங்குத் தோலெலும்பிலிருந்து காய்ச்சிய வஜ்ரத்தில் தோய்த்துச் செய்தது. அதில் லினன் இழைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பருமனும் தலைமயிரில் நாலில் ஒரு பங்கு அளவு இருக்கும். கட்டியை இழுக்கும்போது மேட்டில் கிடக்கும் இழை அரம் போலச் சுரண்டுகிறது. சுரண்டிய துகள்களில் பெரியவை இழைகளின் சந்துகளில் சிக்கி நிற்கின்றன. மிகச் சிறியவையோ இழையின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஒட்டுதலுக்குக் காரணம், ஹாலந்து தேசத்து விஞ்ஞானி வான் டெர் வால்ஸின் பெயரால் வழங்கும், அணுத்திரள்களுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு. தூரம் சற்றே கூடினாலும் அந்த ஈர்ப்பு இல்லையென்றாகிவிடும். ஆனால் துகள் சிறுக்கச் சிறுக்க, அதன் எடை குறையும் வேகத்தில் இந்த ஈர்ப்பு குறைவதில்லை. ஆதலால் ஒரு மைக்ரான் அளவுள்ள தூசி தலைகீழாகத் தொங்கவிட்டாலும் விழாது. ஒரு மில்லிமீட்டர் பரல் உடனே விழுந்துவிடும்.

சவாய்க் கிழவன் படத்தின் ரேகைகளில் ஏதேனும் ஒன்றைப் பூதக்கண்ணாடியால் கிட்ட வைத்துப் பார்ப்போம். கண்ணுக்கு ஒரே கோடாகத் தோன்றியது, இப்போது மேட்டு இழைகளின்மேல் திட்டுத்திட்டாகச் சிவந்தும், பள்ளங்களில் தாளின் வெறுமையே தெரிந்தும், ஓர் அறுபட்ட புள்ளிவரிசையாகக் காட்சியளிக்கும். கை அழுத்திய இடத்தில் பள்ளங்களும் நிரம்பி நிறம் கெட்டிப்படும். கை தூக்கிய இடத்தில் மேடுகள் மட்டும் தொட்டுத் தொட்டுப் போகும். தோலையோ தாளையோ சுருட்டிய மழுங்கட்டையால் தேய்த்த இடத்தில் புள்ளிகள் கலைந்து, பள்ளங்களுக்குள்ளும் துகள் பரவி, கோடு மறைந்து நிழலாகியிருக்கும். கட்டியின் நுனியை நனைத்து இழுத்த கோடு எனின், துகள்கள் குழம்பாய் இறங்கி இழைகளை மூடிவிடுவதால், ஏறக்குறைய மைக்கோடு போலக் கருஞ்சிவப்பாகத் தெரியும்; கண்ணிமைக்கும் இதழ்க்கடைக்கும் வாத்தோ இந்த உபாயத்தைக் கையாண்டதுண்டு. சாதாரணக் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்தறியாது. படிக்கும் தூரத்தில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. அதற்கும் நெருக்கமாகச் சிவப்புப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் வெற்றுத் தாளும் கலந்து கிடப்பதைக் கண் ஒன்றாகக் கூட்டி, கட்டியில் இல்லாத பழுப்பு நிறங்களை எல்லாம் உண்டாக்கிக்கொள்கிறது. விமரிசகர்கள் 'மென்மை' என்றும் 'சௌந்தர்யம்' என்றும் சொல்லி நிறுத்திவிடும் இடத்தில், தாளின் கரடும் கையின் அழுத்தமும் கண்ணின் இயலாமையும் சேர்ந்து வேலை செய்திருப்பதை அறிந்தால் வியப்பு மிகுமேயன்றிக் குறையாது.

இவ்வாறு இலேசாகத் தங்கிய துகள் இலேசாகவே இடம் பெயரவும் செய்யும். அதையே ஒரு வித்தையாக்கினார்கள். காவியால் வரைந்த தாளின்மேல் நனைத்த வெற்றுத் தாளைப் பரப்பி அச்சுயந்திரத்தில் கொடுத்து அழுத்தினால், துகள்களில் ஒரு பங்கு ஈரத்தாளுக்குப் போய், உருவம் இடம் வலம் மாறிப் பதிந்துவிடும். வாத்தோ வெள்ளைத் தாளில் காவியால் வரைவதை விரும்பியதற்கு, ஓர் உருவத்தை இரு திசையிலும் பெறலாம் என்ற இந்தச் சௌகரியத்தையே கேலுஸ் காரணமாகச் சொல்கிறார். இப்படிப் பெற்ற பதிவுகள் பிற்காலத்தில் அசலாகவே விலைபோனதும் உண்டு. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வலக்கையால் வரைபவர் நிழலுக்காக இடும் சாய்கோடுகள் இயல்பாக மேல் வலப்புறத்திலிருந்து கீழ் இடப்புறம் சாயும். பதிவில் அச்சாய்வு தலைகீழாகும். தவிர, அழுத்தத்தில் மேடுகள் நசுங்கியிருப்பதால், பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பார்த்தால் புள்ளிகள் மேட்டில் உட்கார்ந்திராமல் பரப்போடு பரப்பாகப் படிந்திருக்கும்.

இக்காலத்து ஆராய்ச்சியாளர் வசம் இன்னும் கூரிய சாதனங்கள் உண்டு. அகச்சிவப்பு ஒளியில் ஹெமடைட் ஏறக்குறையக் கண்ணுக்கு எட்டாமல் போய்விடுகிறது. கரியோ அவ்வொளியையும் விழுங்கிக் கறுப்பாகவே நிற்கிறது. ஆகவே அத்தகைய ஒளியில் எடுத்த நிழற்படத்தில் சிவப்பு முழுதும் விலகி, அதன் அடியில் மறைந்திருந்த கறுப்புக் கோடுகள் மட்டும் எஞ்சும். தாளின் உட்புறத்தைப் பார்க்க, கதிரியக்கக் கார்பன் கலந்த பிளாஸ்டிக் தகட்டின்மேல் தாளை வைத்து அதன் பீட்டாக் கதிர்களைப் படச்சுருளில் வாங்குகிறார்கள்; படத்தின் கோடுகள் மறைந்து, சல்லடைக் கம்பிகளின் தடமும், பட்டறையின் நீர்க்குறியும் மாத்திரம் தெரியும். கம்பித்தடம் ஒத்துப்போகும் இரு தாள்கள் ஒரே சல்லடையில் பிறந்தவை என்று அதிலிருந்து சொல்லிவிடலாம். மூன்றாவது சாதனம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலை ஆதாரமாகக் கொண்டது. லேசர் ஒளியின் ஒரு புள்ளியைத் துகள்மேல் பாய்ச்சி, சிதறிவரும் ஒளியில் நிறம் சற்றே மாறிய பகுதியை அளந்தால், அது ஹெமடைட்டா, மஞ்சள் காவியில் உள்ள கோதைட்டா என்று, தாளிலிருந்து ஓர் அணுவையும் சுரண்டாமலே அறியலாம். இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை: லேசரின் வலிமை கூடிவிட்டால் அதன் சூட்டில் கோதைட் தன் நீரை இழந்து ஹெமடைட்டாகவே மாறிவிடும்; தேடிய பொருளைத் தேடியவரே உண்டாக்கிவிடும் விபரீதம் நேரும்.

இனி, காப்பாற்றும் விஷயம். காவியும் கரியும் வெளிச்சத்தில் வெளுப்பதில்லை என்று மேலே சொன்னேன்; சுண்ணாம்பும் அப்படியே. அப்படியிருக்கப் பொருட்காட்சிசாலைகளில் இத்தகைய தாள்களை 50 லக்ஸுக்கு மேற்படாத மங்கிய வெளிச்சத்தில் சில மாத காலம் மட்டும் தொங்கவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் வைத்துவிடுவானேன்? தாளுக்காகத்தான். லினன் இழையும் அதைப் பூசிய வஜ்ரமும், சில தாள்களுக்கு ஊட்டிய நீலச்சாயமும் வெளிச்சத்தால் சிதைகின்றன. தாளின் நிறம் மாறினால், வெளிச்சம் படும் இடங்களைத் தாளாலேயே காட்டிய சித்திரத்தின் சுருதியே மாறிவிடுகிறது. துகளுக்குப் பகை வெளிச்சமன்று. உராய்வும் அதிர்ச்சியும் நிலைமின்சாரமும். சாதாரண அக்ரிலிக் பலகையைச் சட்டத்தில் பொருத்தித் துணியால் துடைத்தால் அதில் மின்னேற்றம் உண்டாகும்; அது தாளிலிருந்து துகள்களைப் பிடுங்கித் தன் உட்பக்கத்தில் ஒட்டவைத்துக்கொள்ளும். ஆகையால் இவற்றுக்குக் கண்ணாடியோ, மின்னேற்றம் தங்காதபடி பூச்சிட்ட அக்ரிலிக்கோதான் உகந்தது. வீட்டில் முன்னோர் வரைந்த சாக்குக்கட்டிப் படம் ஏதேனும் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது கவனத்தில் கொள்வது நல்லது.

வாத்தோ இறந்த சில ஆண்டுகளுக்குள், அவருடைய நண்பர் ஜூலியென் என்பவர் இத்தாள்கள் தேய்ந்து அழியக்கூடுமென்று எண்ணியோ, நண்பரின் புகழ் பரவட்டும் என்று கருதியோ, ஏறத்தாழ 350 சித்திரங்களைச் செப்புத்தகட்டில் பொறிக்கச் செய்து 1726-லும் 1728-லும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பொறித்தவர், அப்போது பெயர் தெரியாத இளைஞராயிருந்த பிரான்ஸ்வா பூஷே. அசலில் காவிப்புள்ளிகளாய் இருந்தது அச்சில் கருங்கோடாயிற்று. உருவம் பிழைத்தது, அழுத்தமும் தளர்வும் போயின. ஆகவே அசலைப் பார்க்காமல் வாத்தோவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சிகாகோவிலும், அவருடைய தாள்கள் நிறைய உள்ள லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும், முன்கூட்டி எழுதி நேரம் கேட்டுக்கொண்டால், பெட்டியில் உள்ள சித்திரங்களைப் படிப்பறையில் மேஜைமேல் வைத்துக் காட்டுகிறார்கள். அவ்வூர்களுக்குச் செல்லும் வாசகர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வார்களாக. பூதக்கண்ணாடி ஒன்றைக் கொண்டு செல்லலாம். குறிப்பெழுதப் பென்சில் மட்டுமே எடுத்துப் போகவேண்டும், மைப்பேனாவுக்கு அங்கே அனுமதியில்லை.